கடன்பட்ட கித்தார்

மலர்க் குழுவினர் வழக்கம்போல் இவ்வாண்டும் என்னிடம் கட்டுரை கேட்டனர். குறுந்தொகையைப் பற்றியோ கலிங்கத்துப் பரணியைப் பற்றியோ நான் எழுதித் தருவேன் என்று அவர்கள் எண்ணியிருக்கக்கூடும். இம்முறை, 1966ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் வெளிவந்த ஓர் ஆங்கில இசைத்தட்டைப் பற்றி எழுதத் துணிந்தேன். தமிழ்ச் சங்க மலரில் இதற்கு என்ன இடம் என்று புருவம் உயர்த்தும் அன்பர்கள், சற்றே பொறுமையுடன் இறுதிவரை வருமாறு வேண்டுகிறேன். ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நம் போன்றோர்க்கு அந்த இசைத்தட்டில் ஒரு பங்கு உண்டு என்பதும், அதன் பின்கதையில் ஒரு காயம் உண்டு என்பதும் என் கருத்து.

நான் இசை கற்றவன் அல்லன். வரலாற்றில் பி.ஏ. பட்டம் பெற்று, மைய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராக இருபதாண்டுகளுக்கு மேல் கோப்பு புரட்டி வருபவன். என் மகனுக்குப் பதினாறு வயது. சென்ற ஆண்டு எனக்குக் கிடைத்த போனஸ் தொகையில் அவனுக்கு ஒரு மின்சாரக் கித்தார் வாங்கிக் கொடுத்தேன். அன்று தொடங்கி, லேக் மார்க்கெட்டுக்குப் பின்னாலுள்ள எங்கள் சிறு வீட்டில் மாலைதோறும் ஒரே மெட்டு ஒலித்தது. கீழ்வீட்டுக்காரர் இரண்டு முறை படியேறி வந்து முறையிட்டார். மூன்றாம் முறை வருமுன், அது என்ன பாட்டு என்று கேட்டேன். "இது பாட்டு இல்லையப்பா, ஹைடவே. எரிக் கிளாப்டன் வாசித்தது" என்றான். அவர் யாரிடம் கற்றார் என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. குருவின் பெயர் தெரியாமல் ஒரு வித்தையைக் கற்பதா என்று என் வாயில் வந்துவிட்டது. உண்மையில் எனக்கும் தெரியாது. அந்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஃப்ரீ ஸ்கூல் தெருவிலுள்ள பழைய இசைத்தட்டுக் கடைகளில் தேடி அலைந்து, அதன் பிற்காலப் பதிப்பு ஒன்றை வாங்கி வந்தோம். என் தேடல் அங்கே தொடங்கியது.

இசைத்தட்டின் பெயர் 'புளூஸ் பிரேக்கர்ஸ்'. ஜான் மேயால் என்பவரின் குழு அது. எரிக் கிளாப்டன் உடன் வாசிப்பவர் என்று தலைப்பிலேயே சொல்லப்பட்டிருக்கிறது. டெக்கா நிறுவனம் 1966 ஜூலை 22 அன்று இதனை வெளியிட்டது. உறையில் நால்வர் ஒரு சுவர் ஓரமாக அமர்ந்திருக்கின்றனர். கிளாப்டன் மட்டும் படமெடுப்பவரை நோக்காமல், 'பீனோ' என்னும் சிறுவர் சித்திரக்கதை இதழைப் படித்துக்கொண்டிருக்கிறார். அதனாலேயே இரசிகர்கள் இதனைப் 'பீனோ இசைத்தட்டு' என்று செல்லப்பெயரிட்டு அழைக்கின்றனர். இருபத்தொரு வயது இளைஞனின் குறும்பு என்று அதை விட்டுவிடலாம். ஆனால் உள்ளே ஒலிப்பது குறும்பு அன்று.

'புளூஸ்' என்பது யாது என்று இரண்டொரு சொல் கூறியாக வேண்டும். அமெரிக்க நாட்டின் தென்பகுதியில், மிசிசிப்பி முதலிய மாநிலங்களின் பருத்திக் காடுகளில் உழைத்த கறுப்பின மக்களின் பாட்டு அது. முதல் அடியைப் பாடுவர். அதனையே மீண்டும் பாடுவர். மூன்றாம் அடியில் அதற்கு மறுமொழி வரும். பன்னிரண்டு அளவுகளில் ஒரு சுற்று முடிந்துவிடும். ஒவ்வோர் அடியின் இறுதியிலும் பாடுபவர் வாய் மூட, கித்தார் பேசும். நம் கச்சேரியில் பாடகர் விட்ட இடத்தை வயலின் தொடுவதை இதனோடு ஒருவாறு ஒப்பிடலாம். இங்கே வாத்தியம் வழிமொழிவதோடு நில்லாமல், சில வேளை மறுத்தும் பேசுகிறது.

இருபதாம் நூற்றாண்டில் அம்மக்கள் இலட்சக்கணக்கில் தெற்கை விட்டு வடக்கே சிகாகோ போன்ற ஆலை நகரங்களுக்குப் புலம்பெயர்ந்தனர். பாட்டும் அவர்களோடு இரயிலேறியது. ஊரில் வீட்டுத் திண்ணையில் மரக் கித்தாரோடு பாடிய பாட்டு, நகரத்து மதுக்கடை இரைச்சலில் எடுபடவில்லை. ஆகவே கித்தாரில் மின்சாரம் ஏறிற்று. இன்று உலகமெங்கும் இளைஞர்கள் விரும்பும் அந்த மின்சாரக் கித்தாரின் குரல், புலம்பெயர்ந்தவன் அயலூர் இரைச்சலுக்கு நடுவே தன் பேச்சைக் கேட்கச் செய்வதற்காக உயர்த்திய குரல். இதனை நான் உணர்ந்த நாள் தொட்டு, என் மகனின் கித்தார் எனக்கு முன்போல் இரைச்சலாகப் படவில்லை. கீழ்வீட்டுக்காரர் கருத்து வேறு.

இனி இசைத்தட்டுக்கு வருவோம். மொத்தம் பன்னிரண்டு உருப்படிகள். முதலாவது 'ஆல் யுவர் லவ்'. இதனை 1958இல் சிகாகோவில் முதன்முதல் பதிவு செய்தவர் ஓட்டிஸ் ரஷ். அவர் மிசிசிப்பியில் பிறந்து, இளம் வயதில் சிகாகோ வந்து சேர்ந்தவர். இடக்கைப் பழக்கமுள்ள அவர், வலக்கையாளர்க்கென்று தந்தி பூட்டிய கித்தாரை அப்படியே திருப்பிப் பிடித்து வாசித்தார். அதனால் பிறர் மேல்நோக்கித் தள்ளும் தந்தியை அவர் கீழ்நோக்கி இழுப்பார். அவர் குரலிலும் அந்த இழுப்பு உண்டு. பாட்டின் நடுவே தாளம் திடீரென்று நடை மாறும். துயரத்தில் சுணங்கி நின்றவன் சட்டென்று எழுந்து நடப்பது போன்ற மாற்றம் அது. கிளாப்டன் இக்கட்டமைப்பில் ஒன்றையும் மாற்றவில்லை. மாற்றியது ஒலியின் உடலை.

எங்ஙனம் என்பதைச் சொல்வதற்கு என் அத்தையை நினைத்துக்கொள்கிறேன். அவர் வீணை வாசிப்பவர். சிறுவனாக அவர் மடியருகே அமர்ந்து பார்த்திருக்கிறேன். மெட்டின் மேல் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து, ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு அதனை நகர்த்துவார். கமகம் அங்கே பிறக்கும். ஆனால் மீட்டிய நாதம் மெல்லத் தேயும். தேயுமுன் இழுப்பு முடிந்தாக வேண்டும். கித்தாருக்கும் அதே இடர்தான். கிளாப்டன் இதற்கு ஒரு வழி கண்டார். கிப்சன் நிறுவனத்தின் 'லெஸ் பால்' என்னும் கனத்த மரக் கித்தாரை எடுத்துக்கொண்டார். ஃபிரெடி கிங் என்னும் கறுப்பினக் கலைஞரின் இசைத்தட்டு உறையில் அவ்வகைக் கித்தாரைக் கண்டு, அதனைத் தேடிப் பிடித்தார். அதனை மார்ஷல் ஒலிபெருக்கி ஒன்றில் இணைத்து, ஒலியை மிக உயரத்துக்கு ஏற்றினார். வால்வுகள் தம் எல்லையைத் தாண்டிச் சூடேறும்போது, ஒலியின் முனைகள் மழுங்கித் தடித்து, நாதம் தேயாமல் நெடுநேரம் நிற்கும். அவ்வாறு நின்ற நாதத்தை அவர் விரல் இழுக்கிறது, நடுங்கச் செய்கிறது, நாகசுரம் ஒன்று வீதியில் நின்று ஒரு சுரத்தைப் பிடித்துக்கொள்வதுபோல் பிடித்துக்கொள்கிறது.

அக்கால ஒலிப்பதிவுக் கூடங்களில் இது முறைகேடான செயல். கித்தாரின் ஒலியைக் குறைத்து, ஒலிவாங்கியை ஒலிபெருக்கியின் வாயருகே வைத்துப் பதிவு செய்வதே வழக்கம். ஒன்றன் ஒலி மற்றொன்றன் ஒலிவாங்கியில் சிந்தக் கூடாது என்பது விதி. மேடையில் வாசிக்கும் அளவுக்கே இங்கும் வாசிப்பேன், ஒலிவாங்கியைத் தள்ளி வையுங்கள் என்று கிளாப்டன் நின்றுவிட்டார். ஒலிப்பதிவுப் பொறியாளர் கஸ் டட்ஜனுக்கு அது பெருந்திகைப்பாயிற்று. தயாரிப்பாளர் மைக் வெர்னனும் மேயாலும் இளைஞன் பக்கம் நின்றனர். விதிப்புத்தகத்தோடு வாழ்க்கை நடத்துகிறவன் என்ற முறையில் எனக்கு டட்ஜன் மீது இரக்கம் உண்டு. ஆயினும் அன்று விதி தளர்ந்திராவிட்டால், அடுத்த அரை நூற்றாண்டின் கித்தார் ஒலி வேறு விதமாக இருந்திருக்கும்.

எல்லா உருப்படிகளும் ஒரே தரமானவை அல்ல. 'வாட் ஐ சே' என்னும் ரே சார்ல்சின் பாட்டில் இடையே வரும் டிரம் தனி ஆவர்த்தனம் எனக்கு அலுப்பூட்டுகிறது. பாலக்காட்டு மணி ஐயரையும் பழனி சுப்பிரமணிய பிள்ளையையும் ஒலிநாடாவில் கேட்டு வளர்ந்த செவிக்கு அது வெறும் தட்டல். 'பார்ச்மன் ஃபார்ம்' என்பது மிசிசிப்பி மாநிலச் சிறைப் பண்ணையின் பெயர். கைதிகள் வெயிலில் பருத்தி பறித்த இடம். அப்பெயர் கொண்ட பாட்டு இங்கே மௌத் ஆர்கன் வேகத்தில் உல்லாசமாகப் பறந்து செல்கிறது. பாட்டை இயற்றிய மோஸ் அல்லிசனிடமும் ஒரு கேலித் தொனி இருந்தது என்பது உண்மையே. ஆனால் அக்கேலிக்கு அடியிலிருந்த கசப்பு இலண்டனுக்கு வந்து சேரவில்லை. 'டபிள் கிராசிங் டைம்' வேறு வகையில் சுவையானது. ஜாக் புரூஸ் என்பவர் மேயாலின் குழுவைவிட்டு வேறு குழுவுக்குப் போனதன் மேல் எழுந்த மனத்தாங்கலில் பிறந்த பாட்டு அது. இயற்றியோர் மேயாலும் கிளாப்டனும். இசைத்தட்டு கடைக்கு வந்த அதே மாதத்தில் கிளாப்டனும் மேயாலைவிட்டு வெளியேறினார். எவரோடு சேர்ந்து 'கிரீம்' என்னும் புதுக்குழு அமைத்தார் என்றால், அதே ஜாக் புரூசோடும் ஜிஞ்சர் பேக்கரோடும்! எழுதியவன் கையே எழுத்துக்குச் சாட்சி சொல்வது இலக்கியத்தில் மட்டும் நிகழ்வதன்று.

இரண்டாம் பக்கத்தில் இரண்டு உருப்படிகள் என் கணிப்பில் இத்தட்டின் உயிர். ஒன்று 'ஹேவ் யூ ஹர்ட்'. மேயால் இயற்றிய விளம்பகால புளூஸ். பாட்டு பாதி கடந்ததும் கித்தார் தனித்து எழுகிறது. அது தயங்கி வருவதில்லை. கதவை உடைத்துக்கொண்டு வருகிறது. முதல் சில சுரங்களிலேயே சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, மேலும் சொல்ல எதுவுமில்லை என்று நாம் எண்ணும் வேளையில் இன்னும் ஒரு படி ஏறுகிறது. அதில் சினமும் இருக்கிறது, கெஞ்சலும் இருக்கிறது. திறமையைக் காட்டுவதற்காக ஒரு சுரம்கூட இல்லை என்று என் மகனிடம் சொன்னேன். "அதனால்தானப்பா வாசிக்க வரமாட்டேன் என்கிறது" என்றான். விரல் வேகத்தில் அவனுக்குக் குறையில்லை. அந்த முதல் சுரத்தை எப்போது தொடுவது என்பதில்தான் தடுமாறுகிறான்.

மற்றது 'ராம்ப்ளின் ஆன் மை மைண்ட்'. 1936இல் டெக்சாஸ் மாநிலத்துச் சான் அன்டோனியோ நகரில் ராபர்ட் ஜான்சன் பதிவு செய்தது. மொத்தம் இருபத்தொன்பது பாட்டுகளை இரண்டே பருவங்களில் பதிவு செய்து, 1938இல் இருபத்தேழு வயதில் இறந்துபோனவர் அவர். இப்பாட்டைக் கிளாப்டன் தாமே பாடுகிறார். இசைத்தட்டில் அவர் தனித்துப் பாடிய முதல் பாட்டு இது. மேயால் பியானோ தட்ட, கித்தார் அடக்கமாகத் துணை நிற்க, குரல் கூச்சத்தோடு வெளிப்படுகிறது. மற்ற பாட்டுகளில் சிங்கம்போல் எழுந்த இளைஞன், இங்கே ஆசானின் முன் கைகட்டி நின்று பாடம் ஒப்பிக்கும் மாணவனாகிவிடுகிறான். குரல் நன்றாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். ஆனால் கடன்பட்டவன் தன் கடனை ஒத்துக்கொள்ளும் தொனி அதில் இருக்கிறது. அதனாலேயே அதனை மீண்டும் மீண்டும் கேட்கிறேன்.

இங்கே ஜான் மேயாலுக்கு உரிய இடத்தைத் தந்தாக வேண்டும். பலரும் இத்தட்டைக் கிளாப்டனின் தட்டு என்றே பேசுகின்றனர். மேயால் 1933இல் பிறந்தவர். கொரியப் போர்க்களத்துக்குப் படைவீரராக அனுப்பப்பட்டுத் திரும்பியவர். மான்செஸ்டரில் ஓவியக் கல்லூரியில் பயின்று, வடிவமைப்பாளராக அலுவலகத்தில் பணிபுரிந்தவர். 1963இல் இலண்டன் வந்து சேர்ந்தபோது அவர் வயது முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. பகலில் மேசைவேலை, இரவில் இசை என்ற வாழ்க்கை எத்தகையது என்று என் போன்றோர்க்கு ஓரளவு தெரியும். அவரிடம் பெரும் இசைத்தட்டுத் தொகுப்பு ஒன்று இருந்தது. கிளாப்டன் தம் முந்தைய குழுவான யார்ட்பேர்ட்ஸ் வணிகப் பாட்டுகளை நோக்கித் திரும்பியது பிடிக்காமல் 1965இல் வெளியேறி வந்தபோது, மேயால் தம் வீட்டிலேயே இடமளித்தார். அத்தொகுப்பைக் கேட்டுக் கேட்டுத்தான் அவ்விளைஞனின் விரல் தேறிற்று. நம் பழைய குருகுல வாசம் இதனின் வேறா? ஜான் லீ ஹூக்கர் இங்கிலாந்து வந்தபோது பக்கவாத்தியம் வாசித்தது மேயாலின் குழு. சிகாகோக் கலைஞர் ஜே.பி. லெனுவா இறந்த செய்தி கேட்டு இரங்கற்பாட்டு எழுதி 1967இல் வெளியிட்டவரும் அவரே. கடன் கணக்கை அவர் ஒருபோதும் மறைக்கவில்லை.

இத்தட்டு இங்கிலாந்தின் விற்பனைப் பட்டியலில் ஆறாம் இடம்வரை ஏறியது. கிளாப்டன் விட்டுச் சென்ற இடத்துக்குப் பீட்டர் கிரீன் வந்தார். அவர் பின்னர், இத்தட்டில் தாழ்சுரக் கித்தார் வாசித்த ஜான் மெக்வீயையும் மிக் ஃப்ளீட்வுட்டையும் சேர்த்துக்கொண்டு 'ஃப்ளீட்வுட் மேக்' குழுவை நிறுவினார். அடுத்து வந்த மிக் டெய்லர் 1969இல் ரோலிங் ஸ்டோன்சில் சேர்ந்தார். மேயாலின் குழு ஒரு பள்ளிக்கூடமாகிவிட்டது. கிப்சன் நிறுவனம் விற்பனை குன்றியதால் கைவிட்டிருந்த பழைய லெஸ் பால் வடிவத்தை, இளைஞர்கள் அடிதடியாகத் தேடத் தொடங்கியதும், 1968இல் மீண்டும் செய்யத் தொடங்கியது. அந்த மார்ஷல் ஒலிபெருக்கி வகைக்கே 'புளூஸ்பிரேக்கர்' என்ற பெயர் நிலைத்தது. கிளாப்டனின் கித்தாரோ 1966லேயே திருடு போயிற்று. அதன் கூடப்பிறந்தவை இன்று பல இலட்சம் டாலருக்கு விலைபோகின்றன.

மரபு என்று இதனைத்தான் பெரும்பாலோர் குறிப்பிடுகின்றனர். கித்தார், ஒலிபெருக்கி, ஒலியின் தடிப்பு. ஒலியைப் படியெடுப்பது எளிது. பின்வந்த பலர் அதனை மட்டும் எடுத்துக்கொண்டு, பாடுபவனுக்கு மறுமொழி சொல்வது கித்தாரின் கடமை என்பதை மறந்தனர். பாடுபவனே இல்லாமல் பத்து நிமிடம் கித்தார் மட்டும் பேசிக்கொண்டிருக்கும் பழக்கம் வந்தது. இதில் கிரீம் குழுவுக்கும் பங்குண்டு.

ஓட்டிஸ் ரஷ் என்ன ஆனார்? அவரைப் பதிவு செய்த சிறு நிறுவனம் 1959இல் மூடப்பட்டது. 1971இல் ஓர் அரிய இசைத்தட்டைப் பதிவு செய்தார். பெரிய நிறுவனம் ஒன்று அதனை வெளியிடாமல் கிடப்பில் போட்டது. ஐந்தாண்டு கழித்து 1976இல் சிறு நிறுவனம் ஒன்றன் வாயிலாக அது வெளிவந்தது. அதன் தலைப்பு 'ரைட் பிளேஸ், ராங் டைம்'. இடம் சரி, காலம் தவறு என்பது பொருள். கோப்பு கிடப்பில் போடப்படுவது எத்தகையது என்று நான் அறிவேன். அதிலுள்ளது ஒருவனின் இளமை என்றால் அதற்கு என்ன பெயரிடுவது? அவர் 2018இல் மறைந்தார்.

அதே 1976ஆம் ஆண்டில் நிகழ்ந்த இன்னொன்றையும் சொல்லாமல் இக்கட்டுரையை எழுத என் மனம் ஒப்பவில்லை. ஆகஸ்டு மாதம் பர்மிங்காம் நகர மேடையில், குடிபோதையிலிருந்த கிளாப்டன், குடியேறிகளுக்கு எதிராக முழங்கிய அரசியல்வாதி ஈனக் பவலை ஆதரித்துப் பேசினார். கறுப்பினத்தவரும் நம் துணைக்கண்டத்தவரும் நாட்டைவிட்டுப் போய்விட வேண்டும் என்ற பொருள்படும் இழிசொற்களை உதிர்த்தார். ஜமைக்கா நாட்டுக் கறுப்பினக் கலைஞர் பாப் மார்லியின் பாட்டைப் பாடி அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பெற்று இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. அவ்விழிவை எதிர்த்துத்தான் 'ராக் அகெய்ன்ஸ்ட் ரேசிசம்' என்னும் இயக்கம் இங்கிலாந்தில் எழுந்தது. பல்லாண்டு கழித்து, 2018இல், தம் செயலுக்கு வெட்கப்படுவதாகக் கிளாப்டன் கூறினார்.

இதனை என் மகனுக்குச் சொல்வதா வேண்டாமா என்று சில நாள் தயங்கினேன். அவன் அறைச் சுவரில் அந்தப் 'பீனோ' உறையின் படம் ஒட்டியிருந்தது. அவன் இந்நகரில் பிறந்தவன்; எனினும் பள்ளியில், "உங்கள் ஊருக்கு எப்போது போவாய்?" என்ற கேள்வியைக் கேட்டவன். சொல்லிவிட்டேன். அவன் ஒன்றும் பேசவில்லை. படத்தையும் கிழிக்கவில்லை. நான்கைந்து நாள் கித்தாரைத் தொடவில்லை. கீழ்வீட்டுக்காரர் உடம்புக்கு என்ன என்று விசாரித்துப் போனார்.

நான் அவனிடம் சொன்னதை இங்கும் சொல்கிறேன். ஃபிரெடி கிங்கை 1974இல் தம் நிறுவனத்திலேயே சேர்க்கச் செய்து, அவர் தட்டில் ஒரு பாட்டுக்கு உடன் வாசித்தவரும் இதே கிளாப்டன். தயாரித்தவர் இதே மைக் வெர்னன். பர்மிங்காம் மேடையில் அச்சொற்கள் ஒலித்த அதே ஆண்டின் டிசம்பரில் ஃபிரெடி கிங் நாற்பத்திரண்டு வயதில் இறந்தார். கடனைத் திருப்பித் தந்த கையும், கடன் தந்தவர்களைப் பழித்த வாயும் ஒரே மனிதனுடையவை. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை அழிக்க முயல்வது பொய்க்கணக்கு. ஆயின் 1966ஆம் ஆண்டின் அத்தட்டில் அம்மனிதனைவிட அதிகம் தெரிந்த ஒன்று இருக்கிறது. சிகாகோவின் புலம்பெயர்ந்தோர் கண்டெடுத்த அந்த உரத்த குரலுக்கு, அவனிடம் வந்தபோதும், தான் எங்கிருந்து வந்தது என்பது மறக்கவில்லை. 'ஹேவ் யூ ஹர்ட்' என்னும் பாட்டில் கதவை உடைத்துக்கொண்டு வருவது அந்தக் குரல்தான். அதனைக் கேட்காதே என்று என் மகனிடம் நான் எப்படிச் சொல்வேன்? முதலில் ஓட்டிஸ் ரஷ்ஷைக் கேள், பிறகு இதனைக் கேள் என்று மட்டும் சொன்னேன்.

ஜான் மேயால் 2024 ஜூலை 22 அன்று தம் தொண்ணூறாம் வயதில் காலமானார். தட்டு வெளியான அதே தேதி. இடையே ஐம்பத்தெட்டு ஆண்டுகள். இச்செய்தியை எனக்குச் சொன்னவன் என் மகன்தான். அன்று மாலை, ஓட்டிஸ் ரஷ்ஷின் 1958ஆம் ஆண்டுப் பதிவை முதலில் ஒலிக்கவிட்டு, அதன்பின் தட்டை எடுத்து இரண்டாம் பக்கத்தைத் திருப்பிப் போட்டான். மழை பெய்துகொண்டிருந்தது. கித்தார் எழும் இடம் வந்ததும் கையை ஒலிக்குமிழின் மேல் வைத்து, என் முகத்தைப் பார்த்தான். கீழ்வீட்டுக்காரர் மகள் வீட்டுக்குப் போயிருந்தார் என்பது எனக்கு நினைவுக்கு வந்தது. ஏற்று என்றேன்.